கடலை மிட்டாய்த் தாள் யாருடையது?

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் நடந்த பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு விஷயம் தெரியும். வராதவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா, பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து என் மேசைமேல் வைத்தார். டவுனில் உள்ள ஒரு டியூஷன் சென்டர் அச்சடித்த கணக்குப் பயிற்சிப் புத்தகம். விலை 80 ரூபாய். "பதினாலாம் பக்கத்தைப் பாருங்க பெரிய டீச்சர்" என்றார்.

பார்த்தேன். 'ஒரு கடலை மிட்டாய் 8 சம துண்டுகளாக உடைக்கப்பட்டது. தங்கை 3 துண்டு தின்றாள். மீதி எத்தனை பங்கு?' என்று கேள்வி. பக்கத்தில் மிட்டாய்ப் படம். எண்ணிப் பார்த்தால் படத்தில் 9 துண்டுகள். மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று. இது நம் பள்ளிப் பயிற்சித்தாள், யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று நாம் வெளியே விட்டது. நம் கணக்கு ஆசிரியை போன வருடம் ஒரு நாள் ராத்திரி அவசரமாக வரைந்தது. அந்தத் தவறையும் சேர்த்து அப்படியே அச்சடித்திருக்கிறார்கள். "தப்பு இருந்ததாலதான் திருட்டு பிடிபட்டுச்சு" என்று பின் வரிசையிலிருந்து ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்துவிட்டோம்.

சிரிப்பு அடங்கியதும் அந்த அம்மா கேட்ட கேள்விதான் முக்கியம். "நம்ம டீச்சருங்க ராப்பகலா உக்காந்து தயாரிக்கிறதை ஏன் ஊருக்கெல்லாம் கொடுக்கணும்? எவனோ வித்துக் காசு பாக்குறான்." கூட்டம் முடிய பத்து நிமிடம்தான் இருந்தது. சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகவே போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொடுப்பதைப் பற்றிப் பேசும் முன் நாம் வாங்கியதைச் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வகுப்பில் ஜன்னலோரம் கயிறு கட்டித் துணிக் கிளிப்பில் தொங்குகின்றனவே, சின்னச் சின்னக் கதைப் புத்தகங்கள், அவற்றில் பெரும்பாலானவை நாம் கடையில் வாங்கியவை அல்ல. பெங்களூருவில் பிரதம் புக்ஸ் என்று லாப நோக்கமில்லாத ஒரு பதிப்பகம் இருக்கிறது, 2004-இல் தொடங்கியது. அவர்கள் 2015-இல் ஸ்டோரிவீவர் என்ற இணைய நூலகத்தைத் திறந்தார்கள். அங்கே குழந்தைகளுக்கான கதைகள் பல மொழிகளில் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. தமிழிலும் நிறைய. பிள்ளைகள் எந்த அளவுக்கு வாசிப்பார்களோ அதற்கேற்ப நான்கு நிலைகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். நாம் இறக்கிக்கொள்கிறோம், பேருந்து நிறுத்தத்து ஜெராக்ஸ் கடையில் அச்செடுக்கிறோம், நடுவில் ஸ்டேப்ளர் அடிக்கிறோம். காகிதச் செலவு மட்டும்தான்.

யாரிடமும் அனுமதிக் கடிதம் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. அனுமதி அந்தப் புத்தகத்திலேயே இருக்கிறது. எழுதியவர் இவர், படம் வரைந்தவர் இவர், தமிழில் பெயர்த்தவர் இவர் என்று பெயர்கள், கூடவே வட்டத்துக்குள் இரண்டு 'சி' எழுத்து போட்ட ஒரு சின்ன முத்திரை. கிரியேட்டிவ் காமன்ஸ் என்பார்கள். தமிழில் படைப்பாக்கப் பொதுமம் என்று ஒரு பெயர் உண்டு. படியெடுக்கலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம், நம் ஊருக்கேற்ப மாற்றலாம், வேறு மொழிக்குக் கொண்டுபோகலாம். யார் செய்தது என்று பெயர் போட வேண்டும், மாற்றியிருந்தால் மாற்றினோம் என்று சொல்ல வேண்டும். அந்த முத்திரைக்கு அர்த்தம் இதுதான். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் அந்தப் பெயர்களை விரல் வைத்து வாசித்துவிட்டு, "இவங்க யாரு டீச்சர், நம்ம சொந்தக்காரங்களா?" என்று கேட்டான். என்ன சொல்வதென்று அவன் டீச்சருக்குத் தெரியவில்லை. எனக்கும்தான்.

அறிவியலுக்கும் இப்படித்தான். ஐஐடி கான்பூரில் படித்த அர்விந்த் குப்தா என்பவர் பல வருடங்களாகக் குப்பையில் போகும் பொருட்களை வைத்து அறிவியல் பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்து வருகிறார். 2018-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். செய்முறைகளை எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் போட்டுவைத்திருக்கிறார். வீட்டில் தீப்பெட்டி சீக்கிரம் காலியாகிறது என்று சிலர் குறைப்பட்டீர்களே, அதற்குக் காரணம் அவர்தான். மருந்தைச் சுரண்டிய தீக்குச்சியையும், துண்டு துண்டாக வெட்டிய சைக்கிள் வால்வு டியூபையும் கோத்து முக்கோணமும் சதுரமும் செய்யலாம். சதுரத்தை ஒரு பக்கம் அழுத்தினால் கோணிக்கொள்ளும். முக்கோணம் அசையாது. கூரை உத்திரத்திலும் பாலத்திலும் ஏன் முக்கோணம் முக்கோணமாக வருகிறது என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அன்றைக்கு ஒரே பாடவேளையில் புரிந்தது. கரும்பலகையில் நான் அதை இருபது வருடம் வரைந்திருக்கிறேன். இந்த வேகத்தில் புரிந்ததாக ஞாபகம் இல்லை.

இதற்கெல்லாம் 'திறந்த கல்வி வளங்கள்' என்று பெயர். அந்தப் பெயரை வைத்தது 2002-இல் ஐ.நா.வின் கல்வி அமைப்பான யுனெஸ்கோ கூட்டிய ஒரு கூட்டம். அதற்கு முந்தைய வருடம்தான் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் தன் பாடங்களை இணையத்தில் எல்லோருக்கும் விடப்போவதாக அறிவித்திருந்தது. பெயர் புதுசு, வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். நம் வீட்டிலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. கூட்டத்தில் ஒரு தாத்தா, "இதெல்லாம் நடைமுறைக்கு ஒத்துவருமா?" என்று கேட்டார். அவருக்கு இது.

சுதந்திர தினத்துக்கு நம் பிள்ளைகள் பாரதி பாட்டுப் பாடுகிறார்களே, யாரிடமாவது அனுமதி கேட்கிறோமா? ஒரு காலத்தில் கேட்க வேண்டியிருந்தது. பாரதி பாடல்களை ஒலிபரப்பும், இசைத்தட்டாக்கும் உரிமை ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. பாரதி பொதுச் சொத்தாக வேண்டும் என்று எழுத்தாளர்களும் கலைஞர்களும் குரல் கொடுத்தார்கள். 1949-இல் ஓமந்தூரார் ஆட்சியில் சென்னை மாகாண அரசு அந்த உரிமைகளைப் பெற்றது. சில வருடங்கள் கழித்து எல்லோருக்குமே பொதுவாக்கிவிட்டது. நாட்டுடைமை என்று சொல்கிறோமே, அது அங்கே தொடங்கியதுதான். அதற்கப்புறம் எத்தனையோ பதிப்பகங்கள் பாரதியை அச்சடித்து விற்றன, இன்றும் விற்கின்றன. அவர்கள் விற்றதால் பாரதிக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. பத்து ரூபாய்க்கும் கிடைத்தார், கெட்டி அட்டையிலும் கிடைத்தார்.

சரி, நம் தாளுக்கு வருகிறேன்.

சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்துக்குப் போகும்போதெல்லாம் ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் தாள்களைக் கைமாற்றிக்கொள்வது எப்போதும் உள்ள வழக்கம்தான். போன வருடம் நம் ஆசிரியர்கள் கூடிப் பேசி, அதை ஒழுங்காகச் செய்வோம் என்று முடிவெடுத்தார்கள். நம் பள்ளிச் செயலரும் எழுத்தில் ஒப்புதல் கொடுத்தார். அதன்படி நம் தாள்களின் அடியில் தயாரித்தவர் பெயர், பள்ளியின் பெயர், கிரியேட்டிவ் காமன்ஸ் முத்திரை மூன்றும் போடுகிறோம். நாம் எடுத்துக்கொண்ட வகையில் கூடுதலாக ஒரு நிபந்தனை உண்டு. நம் தாளை மாற்றி வெளியிடுபவர், தன்னுடையதையும் இதே நிபந்தனையில்தான் விட வேண்டும். விக்கிப்பீடியாவும் இந்த வகைதான்.

அதனால் என்ன கிடைத்தது என்பீர்கள். ஏழாம் வகுப்புக்கு நிலம் அளக்கும் கணக்கு ஒன்று போட்டிருந்தோம். நம் பக்கத்து வழக்கப்படி குழி, மா, வேலி. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. உங்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் கொங்குப் பக்கத்து ஆசிரியர் ஒருவருக்கு இது பிடிபடவில்லை. அவர் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஏக்கரும் சென்ட்டும்தான் பழக்கம். அவர் நம் தாளை எடுத்து, நெல் வயலைத் தென்னந்தோப்பாக்கி, மாவைச் சென்ட்டாக்கி, புதுத் தாள் செய்தார். அத்தோடு விடவில்லை. கடைசியில் ஒரு கேள்வி சேர்த்தார். 'தஞ்சாவூர்க்காரர் ஒரு மா நிலம் வைத்திருக்கிறார். பொள்ளாச்சிக்காரர் 30 சென்ட் வைத்திருக்கிறார். யாரிடம் அதிகம்?' ஒரு மா என்பது ஏறக்குறைய 33 சென்ட். அந்தக் கேள்வி நமக்குத் தோன்றவே இல்லை. இப்போது நம் தாளிலும் அது இருக்கிறது, அவர் பெயரோடு. பிள்ளைகள் வீட்டுக்கு வந்து அப்பாவிடமும் தாத்தாவிடமும் "நமக்கு எத்தனை சென்ட்?" என்று குடைந்தார்களே, அது அந்தத் தாள்தான்.

கடலை மிட்டாய்க்கு 9 துண்டு என்று முதலில் கண்டுபிடித்ததும் வெளியூர் ஆசிரியை ஒருவர்தான். நாங்கள் ஒரு வருடம் வகுப்பில் நடத்தியும் பார்க்கவில்லை. பிள்ளைகளும் சொல்லவில்லை. 8 என்று எழுதியிருந்தால் 8 என்றே நம்பிவிடுகிறார்கள். அது தனிக் கவலை, இன்னொரு கடிதத்தில் பேசலாம்.

இனி டியூஷன் சென்டர். நம் நிபந்தனைப்படி அவர்கள் அச்சடித்தது தவறில்லை, விற்றதும் தவறில்லை. தவறு ஒன்றே ஒன்றுதான். அடியில் இருந்த பெயரையும் முத்திரையையும் வெட்டிவிட்டார்கள். அதைச் சொல்லி ஒரு கடிதம் எழுதினேன். தட்டச்சு செய்தவர் விட்டுவிட்டார் என்று பதில் வந்தது, அடுத்த அச்சில் பெயர் போடுவதாகவும் சொன்னார்கள். போடுகிறார்களா என்று பார்ப்போம். இதற்கிடையில் ஒன்று. அந்தப் பதினாலாம் பக்கம் நம் தாள் என்பதால், அந்தப் பக்கத்தை மட்டும் நீங்கள் தாராளமாக ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளலாம். மற்ற பக்கங்கள் அவர்களுடையவை, அவற்றைத் தொட வேண்டாம்.

'விற்கக் கூடாது' என்றே போட்டிருக்கலாமே என்று கேட்டீர்கள். அப்படியும் ஒரு வகை இருக்கிறது. எங்களுக்குள்ளேயே இதில் இரண்டு கட்சி. கணக்கு ஆசிரியைக்கு இன்னமும் மனம் ஆறவில்லை, அது நியாயம்தான். ஆனால் அப்படிப் போட்டால், பத்துத் தாளைத் தொகுத்து அடக்க விலைக்கு விற்கும் அறிவியல் இயக்கத்துக்காரர் யோசிப்பார், மாலை வகுப்பு நடத்தி ஐம்பது ரூபாய் வாங்கும் நம் ஊர்ப் பெண் யோசிப்பாள். எது வியாபாரம், எது இல்லை என்று ஒவ்வொருவருக்கும் நான் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல முடியாது. 80 ரூபாய் கொடுத்து வாங்குபவருக்கு, இதே தாள் பள்ளியில் சும்மா கிடைக்கும் என்று தெரிந்தால் போதும். இப்போது உங்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்கும் சொல்லுங்கள்.

ஒரு விஷயத்தில் குழப்பம் வேண்டாம். இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதெல்லாம் இந்த வகை ஆகிவிடாது. அரசுப் பாடநூல் பிடிஎஃப் ஆக யாருக்கும் கிடைக்கிறது. படிக்கலாம், ஆனால் அதன் பதிப்புரிமை அரசிடம் இருக்கிறது. வகுப்பில் நடத்துவதற்காக ஆசிரியர் படியெடுத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. புத்தகப் பகுதிகளை மாணவர்களுக்குப் படியெடுத்துக் கொடுத்ததற்காகத் தில்லிப் பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை மேல் பதிப்பகங்கள் போட்ட வழக்கில் 2016-இல் தில்லி உயர் நீதிமன்றமும் மாணவர்கள் பக்கம்தான் நின்றது. ஆனால் பாடநூல் பக்கத்தை நம் தாளில் ஒட்டி, நம் முத்திரை குத்தி ஊருக்கு விட முடியாது. அதனால்தான் படங்களை நாமே வரைகிறோம். அதனால்தான் சில சமயம் மிட்டாயில் ஒரு துண்டு கூடிவிடுகிறது.

இனி உங்களிடம் கேட்க வேண்டியது. அடுத்த தொகுப்புக்கு எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வரைந்த வயல் பூச்சிகளின் படங்களைச் சேர்க்க ஆசை. நன்றாக வரைந்திருக்கிறார்கள், அந்தப் பச்சை வெட்டுக்கிளியை நீங்கள் பார்க்க வேண்டும். ஆனால் வரைந்தது அவர்கள். படம் அவர்களுடையது, நாங்களாக எடுத்துவிட முடியாது. இத்துடன் ஒரு படிவம் வைத்திருக்கிறேன். பிள்ளையைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பிள்ளையின் பெயரோ புகைப்படமோ வராது, 'எட்டாம் வகுப்பு மாணவர்கள்' என்று மட்டும்தான் போடுவோம். ஒன்றை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். இந்த முத்திரையோடு ஒருமுறை வெளியே விட்டதை அப்புறம் திரும்ப வாங்க முடியாது. நாளைக்கே யாராவது அந்த வெட்டுக்கிளியை ஒரு புத்தக அட்டையில் போட்டு விற்கலாம். உங்களுக்கோ பிள்ளைக்கோ அது உறுத்தும் என்றால் 'இல்லை' என்று எழுதி அனுப்புங்கள். யாரும் காரணம் கேட்க மாட்டோம், பிள்ளையிடமும் கேட்க மாட்டோம்.

பாட்டிமார்களுக்கும் ஒரு வேண்டுகோள். நடவுப் பாட்டு தெரிந்தவர்கள் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் பள்ளிக்கு வந்தால், தமிழாசிரியர் ஒலிப்பதிவு செய்துகொள்வார். பாடியவர் பெயர் போடலாமா வேண்டாமா என்பது அவர்கள் இஷ்டம். அவர்களிடமும் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக்கொண்டுதான் வெளியிடுவோம். டீ உண்டு.

படிவங்களை வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்பவும். கடலை மிட்டாய்த் தாளின் திருத்திய படி இந்த வாரமே பிள்ளைகளிடம் வரும். பழைய தாள் வீட்டில் கிடந்தால் துண்டுகளை எண்ணிப் பாருங்கள். ஒன்பது இருந்தால் கிழித்துவிடலாம், அல்லது ஒன்றைப் பேனாவால் அடித்துவிட்டு வைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியை,
அரசு உதவி பெறும் நடுநிலைப் பள்ளி