முதலில் அளவு, பிறகு கிற்: மொறிஸ் மைனர் எஞ்சின் வேலை பற்றி

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய கார் எஞ்சினை வீட்டுக் கொட்டிலில் வைத்தே கழற்றிப் பூட்டுவது பற்றி உங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரையைப் படித்துப் பலர் ஸ்பனர் பெட்டியைத் திறந்திருப்பார்கள். நல்ல விஷயம். 2020 இலிருந்து 2025 வரை வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்த காலத்தில், தறப்பாள் மூடிக் கிடந்த மொறிஸ் மைனர்களுக்கும் மதிப்பு வந்துவிட்டது. ஆனால் கட்டுரை சொன்ன ஒழுங்குதான் தலைகீழ். பிஸ்ரன், பெயரிங், காஸ்கெற் எல்லாம் அடங்கிய ‘கிற்’ ஒன்றை முதலில் இங்கிலாந்திலிருந்து வருவித்துவிட்டு அதன்பின் எஞ்சினை அவிழ்க்கச் சொல்கிறது. பிஸ்ரன் றிங் மட்டும் மாற்றினாலே புகை நின்றுவிடும் என்றும் ஓரிடத்தில் எழுதியிருக்கிறது. இரண்டும் காசைக் கரியாக்கும் வழிகள்.

எங்கள் பக்கத்துப் பழைய எஞ்சின் ஒன்றின் உள்ளளவு என்ன என்பதை வெளியில் நின்று யாரும் சொல்ல முடியாது. போரில் எரிபொருள் தடை இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்துக் கார்கள் கார்பரேற்றரில் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயில் ஓடியவை. எரியாத மண்ணெண்ணெய் றிங்கைக் கடந்து சம்புக்குள் (அடியிலுள்ள ஒயில் தொட்டி) இறங்கி ஒயிலைத் தண்ணீராக்கும். ஒயில் மெலிந்தால் சிலிண்டர் சுவரும் கிறாங்கும் (பிஸ்ரன்கள் சுழற்றும் தண்டு) சேர்ந்தே தேயும். அப்படித் தேய்ந்தவை கையில் கிடைத்த பிஸ்ரனுக்கு ஏற்பத் திரும்பத் திரும்பக் கடையப்பட்டன, சிலீவ் (உள்குழாய்) இறக்கப்பட்டன. ஒரே புளொக்கில் மூன்று சிலிண்டர் ஓர் அளவு, நாலாவது வேறு அளவு என்றுகூட இருக்கலாம். இதற்கு ‘ஸ்ராண்டர்ட்’ கிற் வாங்கி என்ன செய்வது?

எஞ்சின் எது என்பதே முதல் கேள்வி. 1952க்குப் பின் வந்த மைனர்களில் முதலில் 803 சி.சி., 1956 இலிருந்து 948, 1962 இலிருந்து 1098. எஞ்சின் இலக்கத் தகட்டில் 9எம் என்று தொடங்கினால் 948, 10எம் என்றால் 1098. காரின் ஆண்டை நம்ப வேண்டாம், எஞ்சின் மாறியிருக்கும். ஒஸ்ரின் ஏ35 இலும் இதே 948 தான். ஒஸ்ரின் ஏ40 டெவன், சோமர்செற் வைத்திருப்பவர்கள் மட்டும் இந்தக் கடிதத்தில் உள்ள அளவுகளைத் தொடவேண்டாம். அந்த 1200 சி.சி. எஞ்சின் வேறு குடும்பம்.

கழற்ற முன்பு ஒவ்வொரு சிலிண்டரின் அமுக்கத்தையும் (கொம்பிறஷன்) கேஜால் பாருங்கள். எஞ்சின் சூடாக இருக்கவேண்டும், நாலு பிளக்கும் வெளியே, அக்சிலறேற்றர் முழுதாக மிதித்தபடி, ஒவ்வொன்றுக்கும் ஐந்தாறு சுற்று. குறைந்த சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மீண்டும் பாருங்கள். ஏறினால் றிங் அல்லது சிலிண்டர் சுவர், ஏறாவிட்டால் வால்வு. நடுவில் உள்ள 2, 3 இரண்டும் சேர்ந்து குறைந்திருந்தால் அவற்றுக்கிடையில் ஹெட் காஸ்கெற் எரிந்திருக்கும். இந்த எஞ்சினில் இரண்டும் ஒரே புகைவாயைப் பகிர்வதால் அந்த இடம்தான் அதிகம் சூடாகும்.

ஹெட்டின்மேல் வால்வுகளைத் தள்ளும் றொக்கர் தண்டைத் தனியே கழற்றலாம் என்று நினைத்து ஹெட்டை வளைத்தவர்கள் உண்டு. றொக்கரைப் பிடிக்கும் எட்டு நட்டில் நாலு, ஹெட்டையும் சேர்த்துப் பிடிப்பவை. ஆகவே தண்ணீரை முதலில் இறக்கி, ஒன்பது ஹெட் நட்டையும் கொஞ்சம் கொஞ்சமாக, மாறி மாறித் தளர்த்த வேண்டும். புளொக்கின் தண்ணீர்த் திருகியைத் திறந்தும் ஒன்றும் வராவிட்டால் தண்ணீர் இல்லை என்று அர்த்தமில்லை, சேறு அடைத்திருக்கிறது. கம்பியால் குத்துங்கள். புஷ்றொட் எட்டையும் காட்போட் மட்டையில் துளையிட்டு 1 முதல் 8 வரை குத்தி வையுங்கள். பக்க மூடிகளைக் கழற்றி எடுக்கும் வால்வு லிஃப்ரர்களும் அப்படியே, தான் ஓடிய கேமிலேயே (லிஃப்ரரைத் தள்ளும் தண்டின் மேடு) திரும்ப உட்காரவேண்டும். பழைய லிஃப்ரரைப் புதிய கேமில் போட்டால் இரண்டும் போகும்.

இனி சிலிண்டர். தேய்மானம் மேல்முனையில்தான் அதிகம். றிங் எட்டாத உச்சியில் ஒரு விளிம்பு நிற்கும், விரல் நகத்தில் தட்டுப்படும். றிங் மட்டும் மாற்றும் வேலை ஏன் பிழைக்கிறது என்பதற்கு அந்த விளிம்பே பதில். பழைய றிங்கின் ஓரம் தேய்ந்து உருண்டிருப்பதால் விளிம்புக்கு ஒத்துப்போகிறது. புதியதன் ஓரம் கூர்மையானது. அது விளிம்பில் மோதி உடையும், அல்லது பிஸ்ரனின் பள்ளத்தை உடைக்கும். உடையாவிட்டாலும், மேலே அகன்று கீழே ஒடுங்கிய சிலிண்டருக்குள் றிங் ஒவ்வொரு ஓட்டத்திலும் விரிந்து சுருங்கவேண்டும். சில மாதத்தில் பழைய புகை திரும்பி வரும்.

போர் கேஜ் (சிலிண்டர் விட்டமானி) இல்லாதவர்களுக்கு ஒரு வழி. ஒரு றிங்கைச் சிலிண்டருக்குள் விட்டு, தலைகீழாகப் பிடித்த பிஸ்ரனால் தள்ளி நேராக உட்காரவைத்து, விளிம்புக்குச் சற்றுக் கீழே றிங்கின் வாய் இடைவெளியை ஃபீலர் தகட்டால் அளக்கவும். பிறகு அடியில், றிங் ஓடாத இடத்தில் அளக்கவும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 3.14 ஆல் பிரித்தால் விட்டத்தில் எவ்வளவு தேய்ந்தது என்று வரும். வித்தியாசம் 0.63 மில்லிமீற்றர் என்றால் தேய்மானம் 0.2 மில்லிமீற்றர். 0.15 ஐத் தாண்டினாலே றீபோர்தான், அதாவது சிலிண்டரைப் பெரிதாகக் கடைவது. இந்த வழி முட்டை வடிவத் தேய்மானத்தைக் காட்டாது, எனவே முடிவெடுக்க மட்டும் போதும். கடைவதற்கான அளவை லேத்காரரே எடுக்கட்டும்.

948 இன் மூல விட்டம் 62.94 மில்லிமீற்றர், 1098 இல் 64.58. அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைப் பட்டறையில் ‘தவ்’ என்பார்கள். 10 தவ் கால் மில்லிமீற்றர். கூடுதல் அளவுப் பிஸ்ரன்கள் 10, 20, 30, 40 தவ் என்று வரும். 948 ஒன்றை அளந்து 63.45 வந்தால் அது ஏற்கெனவே 20 தவ் கடையப்பட்டது. 40 தவ்வும் தேய்ந்தால் சிலீவ் இறக்கி மூல அளவுக்குக் கொண்டுவரலாம். பிஸ்ரனைக் கையில் கொடுத்த பிறகே லேத்காரர் கத்தி வைக்கவேண்டும். ஒவ்வொரு பிஸ்ரனையும் மைக்றோமீற்றரில் பார்த்து அதற்குரிய சிலிண்டரை அதற்கேற்ற இடைவெளியில் கடைவதுதான் முறை. ‘20 தவ் போடுங்கோ, பிஸ்ரன் பிறகு வரும்’ என்று புளொக்கை விட்டுவிட்டு வராதீர்கள்.

கிறாங்குக்கும் இதே நியாயம். 948, 1098 இரண்டிலும் மெயின் ஜேர்னல் (கிறாங் புளொக்கில் பெயரிங்மேல் சுழலும் பகுதி) 1¾ அங்குலம் (44.45 மி.மீ.), றொட் பிடிக்கும் ஜேர்னல் 1⅝ அங்குலம் (41.28 மி.மீ.). ஒரு தவ்வுக்கு மேல் முட்டை வடிவம் இருந்தால் கிறைண்டிங். எத்தனை தவ் அரைத்தார்கள் என்று தெரிந்த பிறகு பெயரிங் வாங்குங்கள். பழைய பெயரிங்கின் முதுகிலும் அளவு குத்தியிருக்கும், ஆனால் அதை மட்டும் நம்பி வாங்கவேண்டாம். அரைத்து வந்ததும் ஜேர்னலின் ஓரத்து வளைவைப் பாருங்கள். அதைச் சதுர மூலையாக விட்டிருந்தால் அந்தக் கிறாங் அந்த மூலையில்தான் ஒருநாள் வெடிக்கும்.

கட்டுரை ஒரே வரியில் கடந்துபோன சுத்தம் செய்தலில்தான் பாதி எஞ்சின்கள் சாகின்றன. கடைந்து வந்த சிலிண்டரில் தேய்ப்புக் கல்லின் தூள் ஒட்டியிருக்கும். மண்ணெண்ணெயால் கழுவினால் அது நனையுமே தவிரப் போகாது. சுடுநீரும் சவர்க்காரமும் பிறஷும் வேண்டும். வெள்ளைத் துணியால் துடைத்துத் துணி வெள்ளையாகவே வரும்வரை கழுவி, காய்ந்த கையோடு ஒயில் பூசுங்கள். கடற்காற்று உள்ள ஊரில் புதிதாகக் கடைந்த இரும்பு கண்முன்னே கறல் பிடிக்கும். ஒயில் ஓடும் துவாரங்களின் முனையில் உள்ள பித்தளை அடைப்புகளைக் கழற்றி நீளப் பிறஷ் விட்டுத் துலக்கவேண்டும். கிறாங்கின் உட்துவாரங்களும் அப்படித்தான். அங்கே ஒளிந்த தூள், எஞ்சின் உயிர்த்த முதல் நிமிடத்தில் புதுப் பெயரிங்குக்குள் போகும்.

தண்ணீர்ப் பக்கத்தையும் மறக்கவேண்டாம். குடாநாட்டுக் கிணற்றுநீரின் சுண்ணாம்பு, புளொக்கின் பின்பக்கம் நாலாவது சிலிண்டரைச் சுற்றிப் படிந்து கல்லாகும். கோர் பிளக்குகளை (புளொக்கின் தண்ணீர்ப் பாதையை அடைக்கும் மூடிகள்) கழற்றாமல் அது தெரியாது. தோண்டி எடுத்துப் புதிய பிளக் போட்டு, இனிமேல் மழைநீரோ காய்ச்சி வடித்த நீரோ கூலன்ற் கலந்து விடுங்கள்.

ஹெட்டில் வால்வு கைடும் சீற்றும் (வால்வு உட்காரும் இடம்) பாருங்கள். ஈயம் கலந்த பெற்றோல் 2002 இல் நின்றுபோனது. புகைவால்வின் வார்ப்பிரும்புச் சீற்றுக்கு ஈயம்தான் மெத்தையாக இருந்தது. நீண்ட தூரம் வேகமாக ஓடும் காரென்றால் கடினச் சீற் வளையம் பொருத்துவது நல்லது. கோயிலுக்கும் சந்தைக்கும் போய்வரும் காருக்கு அவசரமில்லை, வால்வு இடைவெளி குறைந்துகொண்டு வருகிறதா என்று கவனித்தால் போதும்.

பூட்டும்போது நடு மெயினின் த்றஸ்ற் வாஷர்களின் ஒயில் கோடுகள் கிறாங்கைப் பார்க்கவேண்டும். கிறாங் முன்பின் ஆடும் இடைவெளி 2 முதல் 3 தவ். றிங் வாய் 7 முதல் 12 தவ். குறைந்தால் அரத்தால் தேயுங்கள், சூட்டில் வாய் முட்டினால் றிங் சிலிண்டரைக் கீறிவிடும். 948 இல் பிஸ்ரன் ஊசியை றொட்டின் சிறுமுனை ஒரு போல்ற்றால் இறுக்கிப் பிடிக்கிறது. அதை இறுக்கும்போது பிஸ்ரனையோ றொட்டையோ வைஸில் பிடித்தால் றொட் முறுகும், ஊசியின் இரு முனையையும் பிடித்தே இறுக்கவேண்டும். மெயின் போல்ற் 60 அடி இறாத்தல், றொட் போல்ற் 35, ஹெட் நட் 40, ஹெட் எப்போதும் நடுவிலிருந்து வெளியே, இரண்டு மூன்று தடவையாக. மடக்கும் பூட்டுத் தகடுகள் எல்லாம் புதிது. ரைமிங் சில்லுகளின் புள்ளிகள் இரண்டும் ஒன்றையொன்று பார்த்து, இரு தண்டு மையங்களோடு ஒரே கோட்டில் நிற்கவேண்டும்.

பின்பக்க ஒயில் ஒழுக்குக்கு ‘சீல் மாற்றுங்கள்’ என்று கட்டுரை சொல்கிறது. அங்கே சீலே இல்லை! கிறாங்கில் வெட்டிய திருகுப் பள்ளம்தான் ஒயிலைத் திருப்பி உள்ளே தள்ளுகிறது. றிங் தேய்ந்து சம்புக்குள் காற்றழுத்தம் கூடினாலோ, மூச்சுக்குழாய் அடைத்தாலோ பள்ளத்தால் தாக்குப்பிடிக்க முடியாது. சிலிண்டர் வேலை சரியாகச் செய்தால் ஒழுக்கில் பெரும்பகுதி தானாகக் குறையும். சில சொட்டு எப்படியும் விழும்.

ஒயில் பம்பைப் பூட்டமுன் அதற்குள் ஒயில் நிரப்புங்கள். சம்புக்கு 20டபிள்யூ50, பில்றரோடு சேர்த்து ஏறக்குறைய 3.7 லீற்றர். பிளக் இல்லாமல் ஸ்ரார்ட்டரால் சுழற்றி ஒயில் விளக்கு அணைந்த பிறகே உயிர்ப்பிக்கவேண்டும். எஞ்சின் சுழன்றும் கார்பரேற்றர் வழியே வெடித்தால் முதலில் டிஸ்றிபியூற்றர் அரைச் சுற்று மாறியிருக்கிறதா பாருங்கள். 1 ஆவது சிலிண்டரின் அமுக்க உச்சத்தில் 4 ஆவதின் வால்வுகள் ஒன்று மூட ஒன்று திறக்கும் நிலையில் நிற்கும். புதுக் கேம் போட்டிருந்தால் முதல் 20 நிமிடம் ஐடிலில் விடாமல் 1500 முதல் 2000 சுற்றில் ஓடட்டும். 800 கிலோமீற்றரில் ஒயில் மாற்றி, ஹெட்டை மறுபடி இறுக்கி, வால்வு இடைவெளி பாருங்கள். எண் கூட்டி ஒன்பது வரவேண்டும்: 8 ஆவது வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது 1 இன் இடைவெளியையும், 6 திறந்திருக்கும்போது 3 இன் இடைவெளியையும் பாருங்கள்.

கடைசியாக, அந்த இடைவெளி உங்கள் கட்டுரையில் 0.12 அங்குலம் என்று அச்சாகியிருக்கிறது. குளிர்ந்த எஞ்சினில் அது 0.012 அங்குலம், 12 தவ், 0.3 மில்லிமீற்றர். 0.12 என்றால் மூன்று மில்லிமீற்றர். அப்படி வைத்தால் வால்வு பாதிதான் திறக்கும், கார் படலையைத் தாண்டாது. அடுத்த ஞாயிறு ஒரு திருத்தம் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
பழைய எஞ்சின் வேலை தெரிந்த வாசகர்,
கோண்டாவில்.