ஆள் எடுக்க உட்கார்ந்தபோது

கோயம்புத்தூர்

அன்புள்ள செல்வம்,

இங்கே எல்லோரும் நலம். உன் பையன் பி.இ. மூன்றாம் வருடம் வந்துவிட்டான், இந்த டிகிரிக்கு வெளியே என்ன மதிப்பு என்று கேட்டிருந்தாய். போன வாரம்தான் எங்கள் பம்ப் கம்பெனியில் தரப் பரிசோதனைக்கு ஆள் எடுக்க உட்கார்ந்தேன். ஒரே ஒரு இடம், 110 விண்ணப்பம். பி.இ. வேண்டும், பத்தாவதிலிருந்து எல்லாவற்றிலும் 60 சதவீதம் வேண்டும், அரியர் இருக்கக் கூடாது என்றார் முதலாளி. அரை மணி நேரத்தில் 18 பேர்தான் மிஞ்சினார்கள்.

அதில் நல்ல மார்க் வாங்கிய ஒரு பையனிடம் வெர்னியர் என்ற அளவுக் கருவியையும் ஒரு ஷாஃப்டையும் (இரும்புத் தண்டு) கொடுத்து, விட்டம் பார்க்கச் சொன்னேன். மெயின் ஸ்கேலைப் படித்தான், மில்லிமீட்டருக்கும் கீழே காட்டும் சின்ன ஸ்கேலைப் படிக்கத் தெரியாமல் அதோடு நின்றுவிட்டான். லேபில் ஆறு பேருக்கு ஒரு வெர்னியராம். ரெக்கார்டு நோட்டை சீனியருடையதைப் பார்த்து எழுதினானாம். பாவம், அவனுக்குக் கை நடுங்கியது. எங்கள் லேத்தில் நிற்கும் ஐ.டி.ஐ. பையன் மைக்ரோமீட்டரைத் திருகி, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வரை பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவான். அவன் விண்ணப்பம் ஒதுக்கிவைத்த விண்ணப்பக் கட்டுக்குள் கிடந்தது.

மைக்கேல் ஸ்பென்ஸ் என்ற பொருளாதார அறிஞர் 1973இல் இதைப் பற்றி எழுதினார். 2001இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர். படிப்பு வேலைக்கு எதையும் கற்றுத்தராவிட்டாலும், திறமைசாலிக்கு அதை முடிப்பது சுலபம், மற்றவனுக்குக் கஷ்டம் என்றால், முதலாளிக்கு அந்தச் சான்றிதழே ஓர் அடையாளமாகிவிடும் என்பது அவர் வாதம். சரிதான். நான்கு வருடம் விடாமல் எழுதி முடிப்பது சின்ன விஷயமில்லை. ஆனால் நம் ஊரில் அந்தக் கஷ்டம் திறமையை மட்டுமா பார்த்து வருகிறது? அப்பாவின் வருமானத்தையும் பார்த்துத்தானே வருகிறது! வீட்டில் முதல் பட்டதாரிக்கு அரசு கல்விக் கட்டணச் சலுகை தருகிறது, நல்லதுதான். ஆனால் வீட்டுக்குச் சம்பளம் உடனே தேவைப்படுகிற பையன் கவுன்சலிங் வரைக்குமே போவதில்லை. எங்கள் லேத் பையன் அப்படித்தான். தங்கை படிக்கட்டும் என்று நின்றுவிட்டான்.

முதலாளியிடம் அரை நாள் மன்றாடினேன். திங்கட்கிழமை அவனும் இன்டர்வியூவுக்கு உட்காருகிறான். முதலில் வெர்னியர், அப்புறம்தான் சான்றிதழ்.

உன் பையனை லீவில் ஒரு மாதம் இங்கே அனுப்பு. எங்கள் வீட்டிலேயே தங்கட்டும். நல்ல ஷூவாக வாங்கிக் கொடு, செருப்போடு ஒர்க்ஷாப்புக்குள் விடமாட்டோம்.

அன்புடன்,
ராஜு