கார் தொலைபேசியும் அலைவரிசைப் பஞ்சமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கைப்பேசியின் வரலாறு குறித்துத் தங்கள் சென்ற இதழில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். 1973 ஏப்ரல் 3 அன்று நியூயார்க் தெருவில் நின்றபடி மோட்டோரோலா நிறுவனப் பொறியாளர் மார்ட்டின் கூப்பர் பேசிய முதல் கைப்பேசி அழைப்பைப் பற்றி விரிவாக எழுதியுள்ள கட்டுரையாளர், அதற்கு முந்தைய கார் தொலைபேசிகளை இரண்டே வரிகளில் முடித்துவிட்டார். போதாக்குறைக்கு, கருவியின் எடையும் விலையுமே அவை பரவாமல் போனதற்குக் காரணம் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். கம்பியில்லாத் தகவல் தொடர்புத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற என்னால் அந்தக் காரணத்தை ஏற்க இயலவில்லை.

எடையும் விலையும் மிகுதி என்பதில் ஐயமில்லை. 1946 ஜூன் 17 அன்று அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பெல் தொலைபேசி நிறுவனம் தொடங்கிய முதல் வணிகச் சேவையில், காரில் பொருத்த வேண்டிய கருவிகளின் எடை ஏறக்குறைய 36 கிலோ. மாதக் கட்டணம் 15 டாலர். உள்ளூர் அழைப்பு ஒவ்வொன்றுக்கும் மேற்கொண்டு 30 முதல் 40 சென்ட் வரை. காரில் இருப்பவர் தாமே எண்ணைச் சுழற்ற முடியாது. பேச்சைக் கொண்டுசெல்லும் அலைவரிசைத் தடம் (சுருக்கமாக, வரிசை) காலியாக இருக்கிறதா என்று பார்த்து, ஆபரேட்டரை அழைத்து, வேண்டிய எண்ணைச் சொல்லிக் காத்திருக்க வேண்டும். டிரங்க் கால் (வெளியூர் அழைப்பு) பதிவு செய்துவிட்டுத் தொலைபேசியின் அருகிலேயே உட்கார்ந்திருந்த நம் தலைமுறைக்கு இது விளங்காத செய்தியல்ல. இணைப்புக் கிடைத்த பிறகும், பேசும்போது பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும், கேட்கும்போது விட்டுவிட வேண்டும். அதே வரிசையில் இருக்கும் வேறொருவர் நினைத்தால் முழு உரையாடலையும் ஒட்டுக்கேட்கலாம். இத்தனை தொல்லைகள் இருந்தும், இரண்டே ஆண்டுகளில் அந்தச் சேவை ஏறக்குறைய நூறு நகரங்களையும் நெடுஞ்சாலைத் தடங்களையும் எட்டியது. சுமார் 5,000 வாடிக்கையாளர்கள் வாரத்துக்கு 30,000 அழைப்புகள் பேசினர். மக்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய பொருளின் கணக்காக இது எனக்குத் தோன்றவில்லை.

உண்மையான முட்டுக்கட்டை வானில், அதாவது அலைவரிசைப் பஞ்சத்தில் இருந்தது. செயின்ட் லூயிஸ் சேவைக்கு 150 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் (வானொலி அலைகளின் ஒரு அதிர்வெண் பகுதியில்) ஆறு வரிசைகள் திட்டமிடப்பட்டிருந்தும், ஒன்றன் ஒலி மற்றொன்றில் கலந்ததால் மூன்றை மட்டுமே பயன்படுத்த முடிந்தது. அதாவது, அந்தப் பெருநகரம் முழுவதிலும் ஒரே நேரத்தில் மூன்று கார்களிலிருந்து மட்டுமே பேச முடியும். ஒருவர் மூன்று நிமிடம் பேசுகிறார் என்று வைத்துக்கொண்டால், நொடி வீணாகாமல் இணைத்தாலும் ஒரு மணி நேரத்துக்கு அறுபது உரையாடல்கள்தான். கருவியை இலவசமாகவே கொடுத்திருந்தாலும் இந்த அறுபது அறுபத்தொன்றாக ஆகியிருக்காது. உயரமான ஓரிடத்தில் வலிமை மிக்க ஒரே ஒலிபரப்பியை வைத்து நகரம் முழுவதையும் சுற்றுப்புறத்தையும் எட்டுவதுதான் அன்றைய அமைப்பு. ஆகவே ஒரு வரிசையில் ஒருவர் பேசத் தொடங்கினால், அந்த அலைகள் எட்டும் எல்லை முழுவதும் அந்த வரிசை மற்ற எல்லோருக்கும் அடைபட்டுவிடும்.

கருவியை மேம்படுத்தும் முயற்சிகளும் குறைவாக நடக்கவில்லை. சுவீடனில் 1956லேயே ஆபரேட்டர் இல்லாமல் காரிலிருந்து நேரடியாக எண்ணைச் சுழற்றிப் பேசும் சேவை வந்துவிட்டது; கருவி 40 கிலோ கனத்தது என்பது வேறு. அமெரிக்காவில் 1964 முதல் வந்த மேம்பட்ட சேவையில் தானியங்கி இணைப்பும் கிடைத்தது, பொத்தானை அழுத்தாமல் இருவழியிலும் இயல்பாகப் பேசும் வசதியும் கிடைத்தது. முன்பு தாராளமாக ஒதுக்கப்பட்டிருந்த வரிசையின் அகலத்தை 30 கிலோஹெர்ட்ஸாகக் குறுக்கி, அதே பட்டைக்குள் கூடுதல் வரிசைகளையும் புகுத்தினார்கள். அப்படியும் என்ன பயன்? 1976இல் நியூயார்க் பகுதியில் ஏறக்குறைய ஒரு கோடி மக்களுக்கு நடுவே பெல் நிறுவனத்தின் கார் தொலைபேசிச் சேவைக்கு இருந்தவை பன்னிரண்டு வரிசைகள். வாடிக்கையாளர்கள் 543 பேர். இணைப்புக் கேட்டுக் காத்திருந்தவர்களோ 3,700க்கும் மேற்பட்டவர்கள். விலைக்கு அஞ்சி மக்கள் விலகி நின்றார்கள் என்று சொல்லும் கட்டுரையாளர், பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்து நின்ற இந்த 3,700 பேரை எந்தக் கணக்கில் சேர்ப்பார்?

இதற்கான விடை பெல் ஆய்வுக்கூடத்தில் 1947 டிசம்பரிலேயே எழுதப்பட்டுவிட்டது. டக்ளஸ் ரிங் தயாரித்த உள்சுற்றுக் குறிப்பொன்று, ரே யங் என்ற சக பொறியாளரின் பங்களிப்புடன், நகரத்தை அறுகோண வடிவச் சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வலிமை குறைந்த ஒலிபரப்பியை வைத்து, ஒரே அலைவரிசையைச் சில பகுதிகள் தள்ளி மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம் என்றது. கார் எல்லையைக் கடக்கும் நொடியில் அழைப்பைப் பக்கத்துப் பகுதிக்குக் கைமாற்ற வேண்டுமானால் கணினியின் உதவி தேவை. அது அன்று கைவசம் இல்லை. அதைவிட முக்கியமாக, போதிய அலைவரிசையும் இல்லை. பின்னாளில் இதற்குப் பயன்பட்ட 800 மெகாஹெர்ட்ஸ் பட்டையை அமெரிக்க அரசின் தகவல் தொடர்பு ஆணையம் தொலைக்காட்சிக்கு ஒதுக்கியிருந்தது. அங்கே 70 முதல் 83 வரையிலான சானல்களை விடுவித்துத் தருவதற்குள் 1970கள் பிறந்துவிட்டன. இந்தச் சிறு பகுதி முறையில் (செல்லுலார்) சிகாகோவில் வணிகச் சேவை தொடங்கிய நாள் 1983 அக்டோபர் 13. குறிப்புக்கும் சேவைக்கும் இடையே ஏறத்தாழ முப்பத்தாறு ஆண்டுகள்.

அந்த 1983இல் சந்தைக்கு வந்த மோட்டோரோலா கைப்பேசியின் விலை 3,995 டாலர் என்பதையும் கட்டுரையாளர் கவனிக்க வேண்டும். புதிய வலைப்பின்னலின் தொடக்கக்கால வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் கையில் பிடிக்கும் கருவியை வாங்கவில்லை. முன்போலவே காரில் பொருத்தும் தொலைபேசியைத்தான் வாங்கினார்கள். விலை மலிவாகிவிடவில்லை, ஆனாலும் அலைவரிசையை மீண்டும் மீண்டும் பயன்படுத்த முடிந்ததால் இம்முறை சேவை வளர்ந்தது. கட்டுரை நூலாக வெளிவருமானால், எடையையும் விலையையும் குறை சொல்லும் அந்த இரண்டு வரிகளைத் திருத்தி, செயின்ட் லூயிஸின் மூன்று வரிசைகளைப் பற்றியும் ரிங்கின் குறிப்பைப் பற்றியும் ஒரு பத்தியாவது சேர்க்குமாறு கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வானொலிப் பொறியாளர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.