சிறுமியரும் பேஸ்பாலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்கச் சிறுவர் பேஸ்பால் அமைப்பான லிட்டில் லீக்கின் வரலாறு குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை, 1939-இல் பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில் கார்ல் ஸ்டாட்ஸ் மூன்று அணிகளுடன் அதைத் தொடங்கியதை விரிவாகக் கூறிவிட்டு, 1974-இல் சிறுமியர் சேர்க்கப்பட்டதை ஒரே வரியில் கடந்துவிடுகிறது. நிர்வாகம் மனமுவந்து அதைச் செய்யவில்லை. 1972-இல் நியூ ஜெர்சியின் ஹோபோக்கனில் சில ஆட்டங்களே ஆடியிருந்த நிலையில் பெண் என்பதற்காக விலக்கப்பட்ட மரியா பெப்பேவுக்காகத் தேசியப் பெண்கள் அமைப்பு தொடுத்த வழக்கில் கிடைத்த தீர்ப்பே விதியை மாற்றியது (அதற்குள் பெப்பே வயது வரம்பைக் கடந்துவிட்டார்). பேஸ்பாலைப் போன்றே, ஆனால் பெரிய பந்தில் ஆடப்படும் சாஃப்ட்பாலுக்குச் சிறுமியர் பிரிவும் 1974-இல்தான் தொடங்கியது.

நியூ ஜெர்சியில் நான் வசிக்கும் ஊரில், பேஸ்பாலுக்குப் பெயர் கொடுக்க வரும் சிறுமியரிடம் இன்றும் சாஃப்ட்பால் படிவத்தையே நீட்டுகிறார்கள். இரு ஆட்டங்களையும் குறிப்பிட்டு, விருப்பத்தைக் கேட்கும் பொதுப் படிவம் ஒன்றை உள்ளூர் நிர்வாகிகள் அடுத்த பருவத்துக்குள் கொண்டுவரலாம்.

— வாசகர், நியூ ஜெர்சி