மியூசியத்துக்குப் போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

லண்டனில் பெர்மாண்ட்சி தெருவில் இருக்கும் ஃபேஷன் அண்ட் டெக்ஸ்டைல் மியூசியத்துக்குப் போகப்போவதாகச் சொன்னாய். போனில் பாதிதான் பேச முடிந்தது. மீதி இதோ.

முதலில் தேதியைப் பார். அங்கே நிரந்தரக் காட்சி கிடையாது. ஒரு கண்காட்சியை இறக்கி அடுத்ததை ஏற்றும்வரை கூடம் பூட்டியே இருக்கும். திங்கட்கிழமை எப்போதுமே விடுமுறை. லண்டன் பிரிட்ஜ் நிலையத்தில் இறங்கினால் பத்து நிமிட நடை. வழியில் டேனர் தெரு, லெதர்மார்க்கெட் தெரு என்று பலகைகள் வரும். ஒரு காலத்தில் தோல் பதனிட்ட பேட்டை அது. கட்டடத்தைத் தேடவே வேண்டாம், ஆரஞ்சும் இளஞ்சிவப்புமாகக் கண்ணில் அடிக்கும். மெக்சிகோக்காரர் ரிக்கார்டோ லெகோரெட்டா வடிவமைத்தது.

அதை 2003-இல் தொடங்கியவர் ஸாண்ட்ரா ரோட்ஸ். படிப்பால் துணி அச்சு வடிவமைப்பாளர். மற்றவர்கள் உடைக்கு ஏற்றபடி துணியை வெட்டினால், இவர் அச்சில் பூ எங்கே வளைகிறதோ அங்கேயே கத்தரியை ஓட்டுவார். 1977-இல் கிழிசலையும் ஊக்கையும் அலங்காரமாக்கியவரும் இவர்தான்.

உள்ளே நுழைந்ததும் "என்னம்மா, லைட்டே போடலையா" என்பாய். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள்; பழந்துணிக்கு 50 லக்ஸ்தான் வழக்கம். நம் வீட்டில் படிக்கிற மேசைக்கு 300-க்குக் குறையாமல் வேண்டும். வெளிச்சம் சாயத்தை மட்டும் வெளுக்காது, பட்டு நூலையே நொறுங்க வைக்கும், அதற்கு மருந்தும் இல்லை. அதனால் ஐந்து நிமிடம் சும்மா நில், கண் பழகட்டும். வரைவதற்குப் பென்சில் கொண்டு போ. பேனா எடுக்காதே, மையில் ஒரு சொட்டு போதும்.

முதல் சுற்றில் சாதாரணமாகப் பார்த்துக்கொண்டு வா. இரண்டாவது சுற்றில் மூன்றே உடைகளைப் பொறுக்கி, ஓரங்களை மட்டும் பார். தையலுக்கு உள்ளே எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள், இடுப்பில் பழைய ஊசித் துளை வரிசை தெரிகிறதா என்று கவனி. துளை இருந்தால் யாருக்காகவோ பிரித்துத் தைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். உடை மாட்டிய பொம்மையின் பின்பக்கம் போக வழி விட்டிருந்தால் கண்டிப்பாகப் போ. கொக்கியும், உடம்புக்குப் பொருந்தப் பிடித்துத் தைக்கும் டாட் மடிப்பும் அங்கேதான் பேசும்.

நூறு வருஷத்துப் பட்டில் நேர்கோடாக, பிளேடால் கீறியதுபோல் விரிசல் இருந்தால் எலியோ பூச்சியோ என்று நினைக்காதே. பதப்படுத்தாத பட்டு நூலின் இயற்கைப் பசையை வேகவைத்து எடுக்கும்போது எடையில் ஏறக்குறைய கால் பங்கு போய்விடும். பட்டு எடைக்கு விற்ற சரக்கு. இழந்த எடையை ஈடுகட்டத் தகர உப்பில் ஊறவைத்தார்கள். கையில் கனமாக, சரசரவென்று இருக்கும்; வாங்குகிறவருக்கும் சந்தோஷம். அந்த உப்புதான் உள்ளிருந்தே நூலை அரித்தது. முதலில் மடிப்பில்தான் விடும்.

மணி கோத்த 1920-களின் கவுன்களைப் பெரும்பாலும் படுக்க வைத்திருப்பார்கள். மெல்லிய ஷிஃபானில் அத்தனை மணி. தொங்கவிட்டால் தோள் கிழியும். குறுக்காக, 45 டிகிரியில் வெட்டிய உடைக்கும் இதே தொல்லை. நூல் நேராக நிற்காததால் தன் எடையிலேயே இழுபட்டு, கீழ் ஓரம் அலை அலையாக இறங்கும். நீ கிராஸ் கட்டில் பாவாடை தைத்தால் ஒரு நாள் முழுக்கத் தொங்கவிட்டு, பிறகு ஓரம் அடி. அவசரப்பட்டால் ஒரு பக்கம் நீளும்.

உன் பெட்டியில் இருக்கும் காஞ்சிப்பட்டை இந்த வாரமே எடுத்து மடிப்பை மாற்று. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய். பிளாஸ்டிக் பை வேண்டாம், பழைய வேட்டித் துணி போதும். அந்துருண்டை ஜரிகையில் படவே கூடாது, கறுத்துவிடும்.

லீவுக்குச் சிங்கப்பூர் வரும்போது ஆர்மீனியன் ஸ்திரீட் பெரனாக்கான் அரும்பொருளகத்துக்குப் போகலாம். கெபாயா என்ற மேல்சட்டையின் ஓரத்துச் சல்லடைப் பூவேலையைக் கிட்டத்தில் பார்த்துவிட்டுச் சொல், அது கைத்தையலா மிஷின் தையலா என்று. முன்கூட்டியே தேடிப் படித்துவிட்டு வராதே.

அன்புடன்,
அம்மா