டிஸ்க் செத்துடுச்சுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

போன வாரம் உங்க கம்ப்யூட்டர் பக்கத்துல வந்த ஒரு கேள்வி பதிலைப் பார்த்துட்டுதான் இதை எழுதறேன். வீட்ல பழைய டெஸ்க்டாப் ஒண்ண சர்வரா ஓட்டிட்டிருந்த வாசகர் ஒருத்தர், போர்டு, கேபினெட், எஸ்எம்பிஎஸ் (கரண்ட் கொடுக்கிற பொட்டி) எல்லாம் புதுசா வாங்கி பழைய ஹார்ட் டிஸ்க் நாலை மட்டும் கழட்டி அதுல மாட்டியிருக்கார், ஆன் பண்ணா ரெண்டு டிஸ்க் தெரியவே இல்ல, இன்னொண்ணு தெரியுது ஆனா உள்ள ஒண்ணுமே இல்லாத மாதிரி காட்டுது, குடும்ப போட்டோ எல்லாம் அதுலதான் இருக்குன்னு பதறிப்போய் கேட்டிருந்தார். அதுக்கு நீங்க போட்ட பதில்: டிஸ்க்குக்கு வயசாயிடுச்சு, இனிஷியலைஸ் (டிஸ்க்கைப் புதுசு மாதிரி ஆரம்பிச்சு வைக்கிற பட்டன்) கொடுத்துப் பாருங்க, சரியாகலைன்னா புதுசு வாங்கிக்குங்க. தயவுசெஞ்சு அந்தப் பதிலைத் திருத்திப் போடுங்க சார். அதை நம்பி யாராவது அப்படியே செஞ்சா போட்டோ நிஜமாவே போயிடலாம், அதுவரைக்கும் அது பத்திரமா இருந்திருக்கவும் நிறைய வாய்ப்பு இருக்கு.

நேத்து வரைக்கும் ஓடின மூணு டிஸ்க் ஒரே சாயந்திரம் சேர்ந்து சாகுமா? சாகலாம், யாராவது கேபினெட்டைத் தூக்கி கீழ போட்டா சாகலாம், வருஷக்கணக்கா நிக்காம சுத்தின பழைய டிஸ்க்கை நிறுத்தினா திரும்ப சுத்தாம போறதும் உண்டுதான். ஆனா இந்த ஷிஃப்டிங்ல மாறினது என்னென்ன? போர்டு, கேபிள், கரண்ட் வர்ற வழி, பயாஸ் (ஆன் பண்ணின உடனே போர்டுல ஓடுற செட்டிங்), சில பேருக்கு ஓஎஸ்ஸும் (விண்டோஸ், லினக்ஸ் மாதிரி). மாறாம இருந்தது டிஸ்க் மட்டும்தான். அப்ப சந்தேகம் முதல்ல யார் மேல வரணும்? என் மச்சான் வீட்லயும் கிட்டத்தட்ட இதே கதைதான் நடந்துச்சு, கடைக்காரர் ஒருத்தர் டிஸ்க்கைக் கைல வாங்கிப் பார்த்துட்டே டெட்டுன்னு சொல்லிட்டார், அந்த டிஸ்க் இன்னிக்கு வரைக்கும் ஓடிட்டிருக்கு.

தெரியாத ரெண்டு டிஸ்க்கை எடுத்துக்குவோம். புது போர்டுல எம்.2 எஸ்எஸ்டி (சின்ன பட்டை மாதிரி இருக்குற, சுத்தாத டிஸ்க்) மாட்டுற ஸ்லாட் இருக்கும், ஓஎஸ்ஸை அதுல போட்டுக்கலாம்னு எல்லாரும் ஒண்ணு வாங்கி மாட்டிடுவோம். பல போர்டுல அந்த ஸ்லாட்டும் சில சாட்டா போர்ட்டும் (ஹார்ட் டிஸ்க் கேபிள் சொருகுற இடம்) ஒரே லேனை, அதாவது டேட்டா போற ஒரே வழியை, பங்கு போட்டுக்கும், ஸ்லாட்ல எஸ்எஸ்டி உக்காந்த உடனே 5, 6ம் நம்பர் சாட்டா போர்ட் மாதிரி ஒண்ணோ ரெண்டோ செத்துடும், சத்தமே வராது, எந்த மெசேஜும் வராது. மேனுவல்ல ஒரு மூலைல பொடி எழுத்துல ஒரு டேபிள் இருக்கும், அதை யார் படிக்கிறா? போர்டு மேலயே அந்தப் போர்ட் பக்கத்துல ஒரு வரி அச்சடிச்சா கம்பெனிக்கு என்ன நஷ்டம்னு எனக்கு இன்னும் புரியல. எஸ்எஸ்டியைக் கழட்டிட்டு பாருங்க, இல்லைன்னா டிஸ்க்கை 1, 2ம் நம்பர் போர்ட்டுக்கு மாத்துங்க, நிறைய பேருக்கு பிரச்சனை அங்கயே முடிஞ்சுடும். இன்டெல் போர்டா இருந்தா பயாஸ்ல ரெய்டு (பல டிஸ்க்கை ஒண்ணா சேர்த்து ஓட்டுறது) மோடு, விஎம்டின்னு ஏதாவது ஆன்ல இருக்கான்னும் பாருங்க, அது ஆன்ல இருந்தா சில ஓஎஸ்க்கு என்விஎம்இ வகை எம்.2 எஸ்எஸ்டியே கண்ணுக்குத் தெரியாது. சர்வருக்கு ஏஹெச்சிஐங்கற சாதாரண மோடு போதும்.

அடுத்து, சுத்தவே சுத்தாத டிஸ்க். கைல வெச்சுப் பார்த்தா அதிர்வே இருக்காது, கடைக்காரர் டெட்டுன்னு சொல்றது இதைப் பார்த்துதான். நம்ம ஆளுங்க நிறைய பேர் ஆஃபர்ல வர்ற எக்ஸ்டர்னல் யூஎஸ்பி டிஸ்க்கை வாங்கி, பொட்டியை உடைச்சு உள்ள இருக்குறத எடுத்து சர்வர்ல போடுவாங்க, விலை கம்மிங்கறதால. சாட்டா பவர் கனெக்டர்ல 15 பின் இருக்கு, முதல் மூணு பின் 3.3 வோல்ட்டுக்குன்னு ஒரு காலத்துல ஒதுக்கினது, எந்த டிஸ்க்கும் அதைப் பெருசா யூஸ் பண்ணல. அதனால 2016ல வந்த சாட்டா 3.3 விதில மூணாவது பின்னுக்கு வேற வேலை கொடுத்துட்டாங்க, அந்தப் பின்ல வோல்டேஜ் வந்தா டிஸ்க் ஆஃப்ல இருக்கணும்னு அர்த்தம். பெரிய டேட்டா சென்டர்ல தொங்கிப்போன டிஸ்க்கை தூரத்துல இருந்தே ரீஸ்டார்ட் பண்றதுக்கு அது வசதி. நம்ம வீட்ல என்ன ஆகுதுன்னா, எஸ்எம்பிஎஸ் பழைய விதிப்படி அந்தப் பின்ல 3.3 வோல்ட் கொடுத்துட்டே இருக்கும், டிஸ்க் அதை ஆஃப் ஆகுன்னு எடுத்துக்கிட்டு சமத்தா படுத்துட்டே இருக்கும். யூஎஸ்பி பொட்டில அந்தப் பின்ல வோல்டேஜ் வராது, அதனால அங்க நல்லா ஓடியிருக்கும். எல்லா டிஸ்க்குக்கும் எல்லா எஸ்எம்பிஎஸ்க்கும் இது வராது, ரெண்டும் ஜோடி சேர்ந்தாதான் வரும். மூணாவது பின் மேல கேப்டான் டேப் (கரண்ட் கடத்தாதது) ஒரு சின்ன துண்டு ஒட்டினா போதும், ரிச்சி ஸ்ட்ரீட்ல மொபைல் சர்வீஸ் சாமான் விக்கிற கடைல அந்த மஞ்சள் டேப் கிடைக்கும். மோலெக்ஸ்ங்கற பழைய நாலு பின் கனெக்டர்ல இருந்து சாட்டாவுக்கு மாத்துற அடாப்டர் போட்டாலும் சரியாகும், அதுல 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் மட்டும்தானே வருது. ஆனா பிளாஸ்டிக்கை உருக்கி ஊத்தி மூடின டைப் வாங்காதீங்க, உள்ள ஒயர் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி தீப்பிடிச்ச கதைங்க நிறைய இருக்கு, ஒயர் ஒவ்வொண்ணும் தனித்தனியா கிளிப்ல அழுத்தி உக்காந்திருக்கிற டைப்பா பார்த்து வாங்குங்க.

காலியா காட்டுற டிஸ்க்தான் ரொம்ப மோசமான கேஸ், ஏன்னா அங்கதான் இனிஷியலைஸ் பட்டன் முன்னாடி வந்து நிக்கும். இதுவும் யூஎஸ்பி பொட்டில இருந்து வந்த டிஸ்க்கா இருந்தா ஒரு விஷயம் தெரிஞ்சுக்கணும். 2 டிபிக்கு மேல இருக்குற டிஸ்க்கை பழைய ஓஎஸ்ஸும் படிக்கணும்னு சில யூஎஸ்பி பொட்டிங்க ஒரு தில்லுமுல்லு பண்ணும், டிஸ்க் வெளில 512 பைட் செக்டார்னு (டேட்டா எழுதற சின்ன கட்டம்) சொன்னாலும் பொட்டி அதை 4096 பைட் செக்டாரா மாத்திக் காட்டும். பார்ட்டிஷன் (டிஸ்க்கைப் பிரிச்ச பகுதி) எங்க ஆரம்பிக்குது எங்க முடியுதுங்கறதெல்லாம் அந்தக் கணக்குலதான் எழுதியிருக்கும். டிஸ்க்கை வெளில எடுத்து நேரா சாட்டால மாட்டினா கம்ப்யூட்டர் 512 கணக்குல தேடும், தேடுற இடத்துல ஒண்ணும் இருக்காது, இந்த டிஸ்க் புதுசு போல, இனிஷியலைஸ் பண்ணட்டுமான்னு கேக்கும். உள்ள ஒரு போட்டோ கூட அழியல சார். அதே பொட்டில திரும்பப் போட்டா எல்லாம் வந்துடும், வேற டிஸ்க்குக்கு காப்பி பண்ணிட்டு அப்புறம் ஆற அமர ஃபார்மேட் பண்ணிக்கலாம். பொட்டியை உடைச்சவங்க அதோட சர்க்யூட்டைத் தூக்கிப் போடாம வெச்சிருக்கறது நல்லது.

டிஸ்க்கை நிஜமாவே கொல்றது எதுன்னு கேட்டா நான் எஸ்எம்பிஎஸ் கேபிளைத்தான் சொல்வேன். மாடுலர் எஸ்எம்பிஎஸ்னு இப்ப வருதே, கேபிளைத் தனியா கழட்டி மாட்டுறது, அதுல டிஸ்க் பக்கம் இருக்குற முனை மட்டும்தான் எல்லாத்துக்கும் பொது, எஸ்எம்பிஎஸ் பக்க முனைல எந்தப் பின்ல எத்தனை வோல்ட்னு ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வெச்சிருக்கும், சில சமயம் ஒரே கம்பெனிலயே மாடலுக்கு மாடல் மாறும். பழைய கேபிள் நீளமா இருக்கு, கேபினெட்ல அழகா கட்டியே வெச்சிருக்கு, அதையே புதுசுல சொருகிடலாம்னு நினைச்சா 5 வோல்ட் போக வேண்டிய இடத்துல 12 வோல்ட் போகும், நாலு டிஸ்க்கும் ஒரே செகண்ட்ல காலி. கனெக்டர் சரியா உக்காருதேன்னு நம்பக் கூடாது. இதை உங்க பேப்பர்ல ஒரு பொட்டி கட்டி பெரிய எழுத்துல போட்டாலும் தப்பில்ல.

இன்னொரு வகை இருக்கு, அது டிஸ்க் பிரச்சனையே இல்ல, ஆனா அப்படித்தான் தெரியும். லினக்ஸ்ல டிஸ்க்குக்கு எஸ்டிஏ, எஸ்டிபின்னு பேர் வருதே, அது நிரந்தரப் பேர் கிடையாது, போர்டு மாறினா வரிசையும் மாறிடும், சில சமயம் ரீபூட் பண்ணாலே மாறும். எந்த டிஸ்க்கை எங்க சேர்க்கணும்னு சொல்ற எஃப்எஸ்டேப் ஃபைல்ல அந்தப் பேரை வெச்சே எழுதியிருந்தா பூட் ஆகுறப்ப அந்த டிஸ்க்குக்காக 90 செகண்ட் காத்திருந்துட்டு எமர்ஜென்சி மோடுக்கு (மேற்கொண்டு பூட் ஆகாம நிக்கிற நிலை) போயிடும். வீட்டு சர்வருக்கு யாரு மானிட்டர் மாட்டி வெச்சிருக்கா, வெளில இருந்து பார்த்தா மிஷினே செத்த மாதிரி இருக்கும். பார்ட்டிஷனுக்குன்னு மாறாம இருக்குற யூயூஐடிங்கற எண்ணைப் போட்டு எழுதுங்க, கூடவே நோஃபெயில்னு ஒரு வார்த்தை சேர்த்துட்டா ஒரு டிஸ்க் வரலைன்னாலும் சர்வர் எழுந்துடும். நெட்வொர்க் கார்டு பேரும் இதே மாதிரி மாறும், அது மாறினா சர்வர் ஜம்முனு ஓடிட்டிருக்கும், நம்மளாலதான் உள்ள போக முடியாது.

சரி, எல்லாம் மாட்டியாச்சு, டிஸ்க் தெரியுது, ஆனா நடுவுல நடுவுல காணாம போய் திரும்ப வருதுன்னா? அப்பதான் ஸ்மார்ட் ரிப்போர்ட் (டிஸ்க் தன் நிலைமையைத் தானே எழுதி வைக்கிற கணக்கு) பார்க்கணும். லினக்ஸ்ல ஸ்மார்ட்சிடிஎல், விண்டோஸ்ல கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ, ரெண்டுமே இலவசம். அதுல 199ம் நம்பர் சிஆர்சி எரர், அது ஏறிட்டே இருந்தா டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவுல போற டேட்டா கெடுதுன்னு அர்த்தம், பத்துல ஒன்பது தடவை சாட்டா கேபிள்தான், போர்டோட வந்த புது கேபிளா இருந்தாலும் சரி. அந்த எண் ஒரு தடவை ஏறினா திரும்ப இறங்காது, அதனால பழைய எண்ணைப் பார்த்து பயப்படாம எழுதி வெச்சுக்கிட்டு, கேபிளை மாத்திட்டு, அதுக்கப்புறம் ஏறுதான்னு மட்டும் பாருங்க. கெர்னல் லாக்ல (லினக்ஸ் எழுதி வைக்கிற குறிப்பு) லிங்க் வேகம் 6 ஜிகாபிட்ல இருந்து 3க்கும் 1.5க்கும் இறங்கியிருந்தாலும் காரணம் பெரும்பாலும் இதேதான். பேக்பிளேஸ்னு ஒரு அமெரிக்க கம்பெனி, லட்சக்கணக்கான டிஸ்க் வெச்சிருக்கறவங்க, 2013ல இருந்து டிஸ்க் கணக்கையெல்லாம் பொதுவுல போட்டுட்டிருக்காங்க, டிஸ்க் சாகப்போகுதான்னு கண்டுபிடிக்க அவங்க பார்க்கறதா சொன்ன எண்கள் 5, 187, 188, 197, 198. அந்த லிஸ்ட்ல 199 இல்லவே இல்ல. இந்த அஞ்சுல 5ம் (கெட்டுப்போய் மாத்தின செக்டார்) 197ம் (சந்தேகத்துல இருக்குற செக்டார்) ஏறிட்டே போச்சுன்னா அப்ப நான் உங்க பதில் பக்கம் வந்துடறேன், டேட்டாவை எடுத்துட்டு வேற டிஸ்க் வாங்கிட வேண்டியதுதான். சீகேட் டிஸ்க் வெச்சிருக்கறவங்க 1ம் 7ம் நம்பர்ல கோடிக்கணக்குல ஒரு எண்ணைப் பார்த்துட்டு அலறுவாங்க, அது சீகேட் கம்பெனி கணக்கு எழுதற முறை, எரர் அத்தனைன்னு அர்த்தம் இல்ல.

அப்படி புதுசு வாங்குறப்ப கடைல சிஎம்ஆரா (டிராக்கை ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தாம எழுதறது) எஸ்எம்ஆரான்னு கேட்டு வாங்குங்க. எஸ்எம்ஆர்னா டிராக்கை ஒண்ணு மேல ஒண்ணு ஓடு வேயற மாதிரி ஏத்தி எழுதறது, ரெய்டு ரீபில்ட் (போன டிஸ்க்குக்குப் பதிலா புதுசுல டேட்டாவைத் திரும்ப எழுதறது) அதுல நாள்கணக்கா இழுக்கலாம், பாதில ரெய்டு அந்த டிஸ்க்கை வெளியவும் தள்ளிடலாம். 2020ல சர்வருக்குன்னே வித்த வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் டிஸ்க்குல சில மாடல் எஸ்எம்ஆர்னு வெளில வந்து பெரிய சண்டை ஆச்சு, அப்புறம்தான் சிஎம்ஆர் மாடலுக்கெல்லாம் ரெட் பிளஸ்னு தனிப் பேர் வெச்சாங்க.

கேள்வி கேட்ட வாசகர் நாலு டிஸ்க்கையும் லினக்ஸ் ரெய்டு 5ல வெச்சிருந்தார்னா இன்னொரு ஆபத்து இருக்கு. ஒரு டிஸ்க் போனா தாங்கும், ரெண்டு தெரியலைன்னா அர்ரே (சேர்ந்த டிஸ்க் தொகுப்பு) எழாது, அவ்ளோதான், டேட்டா போச்சுன்னு அர்த்தம் இல்ல. போர்ட் பிரச்சனையை சரி பண்ணி நாலையும் தெரிய வெச்சுட்டு அசெம்பிள் கொடுத்தா அதுவே ஒண்ணு சேர்ந்துக்கும், எந்த டிஸ்க் எந்தப் போர்ட்டுன்னு வரிசை கூட முக்கியம் இல்ல, யார் யாரோட சேரணும்னு ஒவ்வொரு டிஸ்க்குலயும் எழுதியிருக்கு. ஆனா புது ஓஎஸ் போட்டவங்க ஸ்கிரீன்ல ரெய்டு எதுவும் காணோமேன்னு கிரியேட்டை அமுக்கிடறாங்க. கிரியேட் அந்தக் குறிப்பையே அழிச்சு புதுசா எழுதும், பழைய மிஷின்ல இருந்த ரெய்டு புரோகிராம் வெர்ஷன் டேட்டாவை ஆரம்பிச்ச இடமும் புது வெர்ஷன் ஆரம்பிக்கிற இடமும் வேற வேறயா இருந்தா திரும்ப சேர்க்கறது நரக வேலை. இதுக்குப் பதிலா இசட்எஃப்எஸ்ங்கற முறைல டிஸ்க்கைச் சேர்த்து வெச்சிருந்தா, இம்போர்ட் பண்றப்ப இந்த பூல் (டிஸ்க் தொகுப்பு) வேற மிஷின்ல இருந்துச்சுன்னு ஒரு வார்னிங் வரும், மிஷின் மாறினதால வர்றது அது, பழைய மிஷின்ல அந்த டிஸ்க் ஓடலைங்கறது உறுதியா இருந்தா ஃபோர்ஸ் கொடுத்து இம்போர்ட் பண்ணிக்கலாம்.

உங்ககிட்ட ரெண்டு வேண்டுகோள். அடுத்த வாரமே அந்தப் பதிலுக்கு ஒரு திருத்தம் போடுங்க. அப்புறம், டிஸ்க் டெட்டுன்னு கடைல சொன்னா ஸ்மார்ட் ரிப்போர்ட்டை பிரின்ட் எடுத்துக் கொடுங்கன்னு கேக்கச் சொல்லி வாசகர்களுக்கு எழுதுங்க. ரத்தம் டெஸ்ட் பண்ணா லேப்ல காகிதம் கொடுக்கறாங்க இல்ல, ஆயிரக்கணக்குல டேட்டா ரெக்கவரிக்கு காசு கேக்கறவங்க ஒரு பக்க ரிப்போர்ட் கொடுக்க மாட்டாங்களா. சுத்தாத டிஸ்க்குக்கு ரிப்போர்ட் எடுக்க முடியாதுதான், அப்ப வேற எஸ்எம்பிஎஸ்லயும் யூஎஸ்பி பொட்டிலயும் மாட்டிக் காட்டச் சொல்லுங்க.

அந்த வாசகர் உங்க பதிலைப் படிச்சு ஏற்கனவே இனிஷியலைஸ் அமுக்கியிருந்தா இதையும் சேர்த்துப் போடுங்க: அது பார்ட்டிஷன் டேபிளை மட்டும்தான் புதுசா எழுதும், போட்டோ இருக்குற இடத்தைத் தொடாது, அதனால ஃபார்மேட் கொடுக்காம, ஒரு ஃபைல் கூட அதுல போடாம நிறுத்திக்கணும். சாதாரண டிஸ்க்கா இருந்தா டெஸ்ட்டிஸ்க்னு ஒரு இலவச புரோகிராம் பழைய பார்ட்டிஷனைத் தேடிக் கொடுக்கும். பார்ட்டிஷனே போடாம முழு டிஸ்க்கையும் ரெய்டுக்குக் கொடுத்திருந்தா மட்டும் சிக்கல், ரெய்டோட குறிப்பு பெரும்பாலும் டிஸ்க் ஆரம்பத்துல 4 கேபி தள்ளி இருக்கும், புது டேபிள் அது மேலயே போய் விழுந்திருக்கலாம். அப்படின்னா தானா எதையும் நோண்டாம, அந்த வேலை தெரிஞ்சவங்க யாரையாவது கூப்பிட்டு, முதல்ல டிஸ்க் ஒவ்வொண்ணையும் அப்படியே வேற டிஸ்க்குக்கு காப்பி எடுத்துட்டு அந்தக் காப்பில மட்டும் கை வைக்கச் சொல்லுங்க.

இப்படிக்கு,
உங்க பேப்பரை ரொம்ப வருஷமா படிக்கிற வாசகர்,
வில்லிவாக்கம்.