கார்ட்டூன் போட்டிகளில் காணாமல் போகிறவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பள்ளி மாணவர்களுக்கு நடந்த கார்ட்டூன் போட்டி பற்றிய செய்தியையும் பரிசு பெற்ற படங்களையும் உங்கள் நாளிதழில் பார்த்தேன். பிள்ளைகளின் கைத்திறனில் குறையில்லை. ஆனால் 'அன்றைய தீண்டாமை' என்ற தலைப்பில் வந்த எல்லாப் படத்திலும் ஒரே ஆள்தான்: காலில் சங்கிலி, கன்னத்தில் கண்ணீர், மேலே ஒரு புறா. சங்கிலி போட்டவர் எங்கே சார்? அவர் இல்லாவிட்டால் அது விழிப்புணர்வு போஸ்டர், அவ்வளவுதான்.

சமூக அறிவியல் ஆசிரியராக நான் வகுப்பில், அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் (இன்றைய கேரளம்) நடந்த வைக்கம் போராட்டத்தை வைத்துத்தான் கார்ட்டூன் சொல்லித் தருகிறேன். வரையச் சொன்ன உடனே பூட்டிய கோயில் கதவைப் போடுவார்கள். அப்போது புத்தகத்தைத் திறக்கச் சொல்வேன். 1924-இல் அங்கே கேட்டது கோயிலுக்குள் போக அல்ல, கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்க. கிறிஸ்தவரும் முஸ்லிமும் நடக்கலாம், ஈழவரும் புலையரும் நடக்கக் கூடாது என்றிருந்த தெரு. இது புரிந்ததும் கதவை அழித்துவிட்டுத் தெருவைப் போடுகிறார்கள், படம் அங்கேதான் தொடங்குகிறது. அந்த ஆண்டு பெரிய வெள்ளம் வந்தது, சத்தியாகிரகிகள் தண்ணீருக்குள்ளேயே நின்றார்கள், போலீஸ்காரர்கள் படகில் இருந்து காவல் காத்தார்கள் என்று சொன்னேன். எங்கள் வகுப்புப் பெண் ஒருத்தி, 'இங்கே நடக்கக் கூடாது' என்ற பலகையின் தலை மட்டும் தண்ணீருக்கு மேல் தெரிய, படகில் குடை பிடித்த போலீஸ்காரர், அவருக்குக் கீழே சாவகாசமாகத் தெருவைக் கடக்கும் மீன்கள் என்று வரைந்து கொடுத்தாள். படகு வாழைக்காய் மாதிரிதான் இருந்தது, அதனால் என்ன? ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல் அந்தத் தடை எவ்வளவு கேவலமானது என்று சொல்லிவிட்டாளே.

அப்புறம் அடுத்த கேள்வி: போலீஸ்காரரை அங்கே நிறுத்தியது யார்? 1925 பிப்ரவரியில் தெருக்களைத் திறக்கக் கோரிய தீர்மானம் திருவிதாங்கூர் சட்டசபையில் 22-க்கு 21 என்று ஒரே ஓட்டில் தோற்றது. கடைசியில் அந்த ஆண்டு நவம்பரில் மூன்று பக்கத் தெருக்கள் திறந்தன, கிழக்குத் தெரு மட்டும் இல்லை. முக்கால்வாசி நீதியை எப்படி வரைவீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், பிள்ளைகள் என்னென்னவோ கொண்டு வருவார்கள்.

நல்ல உதாரணம் தேடி நாம் வெளிநாடு போக வேண்டியதும் இல்லை. 1906-இல் தொடங்கிய 'இந்தியா' வார இதழில் பாரதியார் கார்ட்டூன் போட்டார், வெள்ளைக்கார அரசை நேராகக் குத்திய படங்கள், கூடவே விளக்கமும் இருக்கும். நானும் படத்துக்குக் கீழே மூன்று வரி எழுதச் சொல்கிறேன். அந்த மூன்று வரியை எழுத முடியாத பையனுக்கு யாரைக் கேலி செய்கிறோம் என்பதே தெளிவாகவில்லை என்று அர்த்தம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லித் தர வேண்டும். அரசியல் சட்டம் எழுத நாளாகிறது என்று 1949-இல் கார்ட்டூனிஸ்ட் சங்கர் வரைந்த படத்தில் நத்தை மேல் அம்பேத்கர், பின்னால் சாட்டையோடு நேரு. அம்பேத்கர் கையிலும் சாட்டை உண்டு, நத்தையை விரட்ட. அந்தப் படம் பதினொன்றாம் வகுப்புப் பாடப்புத்தகத்தில் இருந்ததை 2012-இல் தொல். திருமாவளவன் மக்களவையில் எழுப்ப, அரசு அதை நீக்குவதாக அறிவித்தது. நீக்கியதில் எனக்கு உடன்பாடில்லை, வகுப்பில் வைத்துப் பேசியிருக்கலாம். ஆனால் சாட்டையடி பட்ட சமூகத்திலிருந்து வந்த பிள்ளைக்கு நேரு கையில் இருக்கும் சாட்டை வேறு மாதிரித்தான் தெரியும். அதைச் சொல்லாமல் 'சும்மா ஜோக்குதானே' என்று கடந்து போகிற ஆசிரியர் கார்ட்டூன் பக்கமே வராமல் இருப்பது நல்லது.

போட்டி நடத்துகிறவர்களிடம் ஒரே வேண்டுகோள். ஓவிய ஆசிரியரோடு வரலாற்று ஆசிரியர் ஒருவரையும் நடுவராக உட்கார வையுங்கள், கலர் அடிப்பதற்கு மார்க் போடாதீர்கள், பென்சில் படமே போதும். பல பிள்ளைகளிடம் ஸ்கெட்ச் பேனா வாங்கவே காசில்லை.

அந்த மீன் படத்தை உங்கள் மாணவர் பக்கத்துக்கு அனுப்பினால் போடுவீர்களா? அவளிடமும் அவள் அம்மாவிடமும் கேட்டுவிட்டேன், சரி என்றார்கள்.

இப்படிக்கு,
அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர்,
தென்காசி மாவட்டம்